22 அமர்வுகளுக்குப் பிறகு: உளவியல் சிகிச்சை பற்றி என் மதிப்பீடு

தனியாக 14 அமர்வுகள், கணவருடன் சேர்ந்து 8 அமர்வுகள் என உளவியல் சிகிச்சைக்குச் சென்று வந்திருக்கிறேன். செல்வதற்கு முன் எனக்கு இருந்த கேள்வி எளியது: அந்த அறைக்குள் உண்மையில் என்ன செய்வார்கள்? விசாரித்தபோது சிலர் மனம்விட்டுப் பேசலாம் என்றார்கள். சிலர் பேசினால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு பதில்களும் எனக்கு உதவவில்லை. ஆகவே, நான் எதற்காகப் போனேன், அங்கே என்ன செய்தார்கள், எது மாறியது, எது மாறவில்லை என்பவற்றை, ஒரு சேவையைப் பயன்படுத்தியவர் சொல்ல வேண்டிய விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதி. வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் நெஞ்சு படபடக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், மூச்சு பாதி வழியில் அடைபட்டதுபோல் இருக்கும், இன்னும் சில நிமிடங்களில் இறந்துவிடுவேன் என்ற எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாத உறுதியோடு எழும். முதல் முறை வந்தபோது நேராக மருத்துவமனைக்குத்தான் போனோம். இ.சி.ஜி., தைராய்டு, இரத்தப் பரிசோதனை எல்லாமே சரியாக இருந்தன. இந்தச் சோதனைகளைத் தவிர்க்கக் கூடாது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னது இரண்டு நாள் தெம்பைக் கொடுத்தது. மூன்றாம் நாள் லிஃப்டில் மறுபடி வந்தது. அதன்பின் லிஃப்டைத் தவிர்த்தேன், பிறகு வரிசைகளை, பிறகு கதவருகில் இருக்கை கிடைக்காத கூட்டங்களை. ஓராண்டுக்குள் என் உலகம் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகளில், முக்கியமான எந்தப் பேச்சையும் நாங்கள் முடித்ததில்லை. கணவர் ஏதாவது ஒன்றைத் தொடங்குவார், நான் மௌனமாகிவிடுவேன். அவர் மறுபடி கேட்பார். நான் அறையை விட்டு எழுந்து போவேன். அவர் பின்னால் வந்து குரலை உயர்த்துவார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். பீதியை உடம்பின் பிரச்சினையாகவும் இதைத் திருமணத்தின் பிரச்சினையாகவும் நான் தனித்தனியே வைத்திருந்தேன்.

முதலில் நான் சென்ற ஆலோசகரை இந்த 22 அமர்வுகளில் சேர்க்கவில்லை. அவரிடம் ஐந்து முறை போனேன். கனிவானவர். ஆனால், ஒவ்வொரு முறையும் நான் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அறிவுரை வந்துவிடும். தம்முடைய குடும்ப அனுபவத்தையும் எடுத்துச் சொல்வார். நல்லதையே நினைக்க வேண்டும் என்பார். ஐந்தாவது சந்திப்பில், முதல் சந்திப்பில் கேட்ட அதே கேள்வியை எந்த நினைவும் இல்லாமல் மறுபடி கேட்டார். வெளியே வந்த அன்று மாலை மட்டும் மனம் லேசாக இருக்கும். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல நண்பர் ஒருவர் தரக்கூடிய ஆறுதல் அது. ஆனால், சிகிச்சை என்ற பெயரில் ஒருவர் நம்மிடம் நேரமும் கட்டணமும் பெறும்போது அதற்குமேல் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. கவுன்சலர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய நாடுகள் பல உள்ளன. என்ன படித்தார், எங்கே பதிவு பெற்றிருக்கிறார், எந்தச் சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றவர், தமக்கு மேலே அனுபவமுள்ள ஒருவரிடம் தம் பணியைக் குறித்துக் கலந்து பேசுகிறாரா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இரண்டாவதாகச் சென்றவர் மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்றவர். முதல் 50 நிமிடங்களிலேயே வேறுபாடு தெரிந்தது. நான் சொல்வது வெளியே போகாது என்பதையும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த உறுதி தளர்த்தப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே விளக்கினார். தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். எனக்கோ, எதை வேண்டுமானாலும் இங்கே சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. பிறகு ஜி.ஏ.டி. 7 என்ற வினாத்தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம் எவ்வளவு இருந்தது என்று கேட்கும் ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால் கடுமையான பதற்றம் என்று கணக்கு. எனக்கு 16 வந்தது. இதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி நிரப்பச் சொல்வார் என்றும், எண் இறங்கவில்லை என்றால் முறையை மாற்றுவது தம் பொறுப்பு என்றும் சொன்னார். ஒரு சேவை தன்னைத் தானே அளந்துகொள்ள முன்வருவதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்வி, மூன்று மாதம் கழித்து எது மாறியிருந்தால் இங்கே வந்தது பயனுள்ளது என்று சொல்வீர்கள் என்பது. லிஃப்டில் பத்தாவது மாடிக்குத் தனியாகப் போக வேண்டும் என்றேன். சற்றுத் தயங்கி, கணவர் பேசும்போது அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.

அவர் பயன்படுத்தியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணங்களைக் கவனித்து, அவற்றை நோயாளியோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கும் முறையாக இதை உருவாக்கினார். பீதிக்கான விளக்கத்தை 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் தெளிவாக எழுதினார்: உடம்பில் எழும் சாதாரணமான ஓர் உணர்வைப் பேராபத்தின் அறிகுறியாக மனம் தவறாகப் படிக்கிறது, அந்த அச்சத்தால் துடிப்பு மேலும் ஏறுகிறது, ஏறிய துடிப்பு அச்சத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. இந்தச் சுழலை எனக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தை வைத்தே தாளில் வரைந்து காட்டினார் சிகிச்சையாளர். விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன என்பதற்கும் விடை கிடைத்தது. வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனிகளில் குறுகுறுப்பும் தலைச்சுற்றலும் வருகின்றன. மூச்சு போதவில்லை என்று நான் தவித்த ஒவ்வொரு முறையும் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டிருக்கிறேன்.

அதன்பின் பட்டியல் ஒன்று கேட்டார். பீதியிலிருந்து தப்பிக்க நான் செய்யும் சின்னச் சின்னக் காரியங்கள் எவை? தண்ணீர்ப் புட்டி இல்லாமல் வெளியே போவதில்லை. கைபேசியில் கணவரின் எண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். நாடியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். கதவருகில் உட்காருவேன். எழுதி முடித்தபோது பதினோரு வரிகள் இருந்தன. இவைதான் நம்மைக் காப்பாற்றுகின்றன என்று மனம் நம்பிவிடுவதால், இவை இல்லாமலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கற்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்று விளக்கினார். ஓராண்டாக என் பீதிக்கு நானே காவல் இருந்திருக்கிறேன் என்பது அந்தப் பதினோரு வரிகளில் தெரிந்தது.

இந்த மதிப்பீட்டில் நான் நின்று சொல்ல விரும்புவது நான்காவது அமர்வைப் பற்றி. அன்று அவர் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். அஞ்சும் உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை ஆபத்தில்லாமல் வந்து போவதை உடம்புக்குக் காட்டுவது பீதிக்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி. ஒரே இடத்தில் நின்று ஓடுவதும், சுழல் நாற்காலியில் சுற்றுவதும் இதே வகைதான். ஆனால், அன்று எனக்கு அதைப் போதுமான அளவு விளக்கவில்லை. நாற்பது விநாடிகளில் ஸ்ட்ராவை எறிந்தேன். அவர் இன்னொரு முறை முயலலாமா என்றார். பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோபத்தில் குமைந்தேன். அடுத்த அமர்வுக்கு உடல்நிலை சரியில்லை என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தேன். அதற்கடுத்ததையும் ரத்து செய்யவே நினைத்தேன்.

கடைசியில், என்னைக் கேட்காமலே அவசரப்படுத்தினீர்கள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பும்போது கை நடுங்கியது. அடுத்த முறை போனபோது அவர் முதலில் செய்தது அந்தச் செய்தியைப் பற்றிப் பேசியதுதான். காரணத்தை விளக்காமல் பயிற்சிக்குப் போனது தம் தவறு என்று தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். தம்மைத் தற்காத்துப் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: கோபம் வந்ததும் சிரித்துவிட்டு விலகிப் போனீர்களே, வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறதா? நான் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. முதல் நாள் ஒன்றின்கீழ் ஒன்றாக அவர் எழுதிய இரண்டு வரிகளும் ஒரே வரிதான் என்று அப்போது புரிந்தது. நெஞ்சு படபடக்கத் தொடங்கும் எந்த இடத்திலிருந்தும் நான் ஓடிக்கொண்டிருந்தேன். லிஃப்டும் கணவரின் குரலும் அந்த விஷயத்தில் ஒன்றுதான்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், சிகிச்சையாளருக்கும் சிகிச்சை பெறுபவருக்கும் இடையிலான பிணைப்பில் மூன்று கூறுகள் இருப்பதாக எழுதினார்: எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கை. எந்த முறையில் சிகிச்சை நடந்தாலும் இந்தப் பிணைப்பின் வலிமை பலனோடு சேர்ந்தே வருகிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. எனக்கும் அவருக்கும் இடையே இரண்டாவது கூறு அன்று முறிந்தது. அதைச் சொன்னதாலும் அவர் கேட்டுக்கொண்டதாலும் மூன்றாவது கூறு முன்பைவிட வலுப்பெற்றது. ஒருவரிடம் கோபப்பட்ட பிறகும் அவரோடு அதே அறையில் இருக்க முடியும் என்பதை நான் வளர்ந்த பின் முதல் முறையாகக் கற்ற இடம் அது. சிகிச்சையாளரிடம் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து அதை அவரிடமே சொல்லுங்கள். அதற்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிடத் துல்லியமான உரைகல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஸ்ட்ராப் பயிற்சியை அதன்பின் காரணம் தெரிந்து செய்தேன்; வீட்டிலும் நாள்தோறும் செய்தேன். வீட்டுப்பாடம் இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடப்பது அமர்வு. மீதி நேரமெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டி இல்லாமல் ஒரு நாள், கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு நாள், லிஃப்டில் ஒரு மாடி, பிறகு மூன்று மாடி. நடுவில் நிலைமை மோசமானது. ஆறாவது அமர்வில் மதிப்பெண் 16இலிருந்து 17 ஆனது. தவிர்த்து வந்தவற்றை எதிர்கொள்ளத் தொடங்கும்போது பதற்றம் முதலில் ஏறுவதுண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் விட்டுவிட்டு ஓடவில்லை. பதினோராவது அமர்வில் அது 9, பதினான்காவதில் 5. பத்தாவது மாடிக்குப் போன அன்று படபடப்பு வந்தது. வந்தது, உச்சத்துக்குப் போனது, இறங்கியது. நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தம்பதியர் சிகிச்சைக்கு என் சிகிச்சையாளர் எங்களை வேறொருவரிடம் அனுப்பினார். என்னோடு இவ்வளவு காலம் பழகியவர் என் கணவருக்கும் நடுநிலையாக இருக்க முடியாது என்பதே காரணம். அது நேர்மையான முடிவு. புதியவர் முதலில் எங்களைச் சேர்த்தும், பிறகு ஒவ்வொருவராகத் தனியாகவும் சந்தித்தார். தனிச் சந்திப்பில், வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா, எப்போதாவது அடி விழுந்திருக்கிறதா என்று கேட்டார். வன்முறை இருக்கும் உறவில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பது, பாதிக்கப்பட்டவரை மேலும் ஆபத்துக்கு உள்ளாக்கலாம். அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. இந்தக் கேள்வியைக் கேட்காமலே தொடங்குபவரிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

எங்களுடைய சண்டைக்கு அவர் ஒரு வரைபடம் போட்டார். ஒருவர் நெருங்கி வருகிறார், மற்றவர் விலகுகிறார். விலகுவதால் அவர் இன்னும் நெருங்குகிறார், நெருங்குவதால் இவர் இன்னும் விலகுகிறார். 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் வகுத்த, உணர்வை மையமாகக் கொண்ட தம்பதியர் சிகிச்சையில் இந்தச் சுழல்தான் எதிரி. கணவனோ மனைவியோ எதிரி இல்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், மூன்றாவது அமர்வு வரை என் கணவர் அதை நம்பவில்லை. நான் அக்கறையில்லாமல்தான் மௌனமாக இருக்கிறேன் என்பது அவருடைய ஒன்பது ஆண்டு முடிவு.

நான்காவது அமர்வில் இருவர் விரலிலும் நாடித்துடிப்பைக் காட்டும் சிறிய கருவியை மாட்டிவிட்டு, முடியாமல் கிடந்த ஒரு பழைய விவாதத்தைத் தொடரச் சொன்னார். ஜான் காட்மேன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தம்பதியர் விவாதிக்கும்போது அவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்த வழியிலிருந்து வந்த உத்தி அது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு உள்வாங்குவது மிகவும் கடினம் என்பது காட்மேனின் கருத்து. கணவர் பேசினார், நான் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் உயர்த்தியவரின் கருவி 92 காட்டியது. அசையாமல் உட்கார்ந்திருந்த என்னுடையது 118. சிகிச்சையாளர் எதுவும் சொல்லவில்லை. கருவியை மட்டும் அவர் பக்கம் திருப்பினார். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவ்வளவு நாளாக இப்படித்தான் இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ முறை விளக்க முயன்று தோற்ற ஒன்றை ஓர் எண் சொல்லிவிட்டது.

அன்று நாங்கள் பெற்ற நடைமுறை மிகச் சாதாரணமானது. இருவரில் யாருக்குத் துடிப்பு ஏறினாலும் இடைவேளை கேட்கலாம். குறைந்தது 20 நிமிடம், ஏனெனில் உடம்பு தணிய அவ்வளவு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அடுத்து என்ன பதில் சொல்வது என்று மனத்துக்குள் வழக்காடக் கூடாது. இடைவேளை கேட்டவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எங்கள் வீட்டை மாற்றியது. நான் எழுந்து போவது அவருக்கு இப்போது கைவிடப்படுவதாகத் தெரியவில்லை, நான் திரும்பி வருவேன் என்பது தெரிந்திருப்பதால்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். தம்பதியரிடையே உள்ள கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி தீராமல் நீடிப்பவையே என்றும் காட்மேன் சொல்கிறார், எங்களுக்கும் அப்படித்தான். பணத்தைச் சேமிப்பதில் நாங்கள் இன்னமும் இரு துருவங்கள். முன்பு அது மூன்று நாள் மௌனமாக முடியும். இப்போது ஓர் இரவுப் பேச்சாக முடிகிறது.

குறைகளைச் சொல்ல வேண்டும். நல்ல சிகிச்சையாளரிடம் இடம் கிடைக்க நான் ஏழு வாரம் காத்திருந்தேன்; பீதியில் இருப்பவருக்கு அது மிக நீண்ட காலம். கட்டணம் எங்கள் மாதச் செலவில் உறைக்கும் அளவுக்கு இருந்தது. இவ்வளவு தேவையான ஒரு சேவை, வசதி குறைந்தவர்களுக்கு எட்டாத இடத்தில் இருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. இரண்டு அமர்வுகளைக் காணொளியில் செய்தோம்; பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது, ஆனால் ஸ்ட்ராப் பயிற்சி போன்றவற்றுக்குச் சிகிச்சையாளர் அருகில் இருப்பதையே நான் விரும்பினேன். எல்லோருக்கும் இது பலனளிப்பதில்லை என்பதும் உண்மை. என் தோழி ஒருவர் சி.பி.டி.யில் முன்னேற்றம் காணாமல், மனநல மருத்துவரிடம் மருந்து தொடங்கிய பிறகே தேறினார். அந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அவருக்கு யாரோ சரியாக எடுத்துச் சொல்லியிருந்தார்கள். மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து தேவைப்படுவோரும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துகொண்டிருப்பவர் மட்டும் என்னைப்போல் ஏழு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர மருத்துவ உதவியையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ நாட வேண்டும், நம்பகமான ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

தனிச் சிகிச்சையின் கடைசி அமர்வில், பீதி திரும்பி வந்தால் என்ன செய்வேன் என்பதை ஒரு பக்கத்தில் என்னையே எழுதவைத்தார் சிகிச்சையாளர்: முதலில் தெரியும் அறிகுறிகள், மறுபடி தொடங்க வேண்டிய பயிற்சிகள், எந்த நிலையில் அவரை அழைக்க வேண்டும் என்பவை. அந்தத் தாள் எங்கள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. முதலில் தெரியும் அறிகுறிகள் என்பதன்கீழ் நான் நான்கு எழுதியிருந்தேன். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ஐந்தாவதாக ஒன்று கணவரின் கையெழுத்தில் இருந்தது. ஜன்னலைப் பார்க்கத் தொடங்குவாள் என்று எழுதியிருந்தார்.